அப்பாவின் காதுக்கு ஒரு பேட்டரிக் கட்டை

அப்பா தன் சட்டைப் பையை விரலால் தட்டினார். பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளையும் தாண்டி என் முகத்தைப் பார்த்தார்.

ஆனி மாதத்து மேல்காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. ஜமக்காளத்தின் நடுவில் வைத்திருந்த தாம்பாளத்தில் வெற்றிலைமேல் கரிசல் புழுதி மெல்லப் படிந்துகொண்டிருந்தது. என் தங்கையைப் பெண் கேட்டுக் கயத்தாற்றிலிருந்து வந்தவர்களில் மூத்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்திருந்தார்.

அந்தத் தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான். காது மெஷினில் சத்தம் இறங்குகிறது, கட்டையை மாற்று என்று அர்த்தம். மாற்றுக் கட்டை என் சட்டைப் பையில் இருந்தது.

இத்தனை வாரங்களாக இந்தப் பத்திரிகையில் நான் படித்த கதையையும் பாடம் நடத்திய கதையையும் எழுதிவருகிறேன். உங்களைப் போன்ற மகன் கிடைக்க உங்கள் தகப்பனார் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சில வாசகர்கள் கடிதம் போடுகிறார்கள். அவற்றைப் படித்து மடித்து வைப்பதே எனக்கு அலுப்பாகிவிட்டது. நல்ல பெயரைச் சுமப்பதும் ஒரு வயதுக்கு மேல் முடிவதில்லை. அதனால் இதை எழுதிவிடுகிறேன்.

'நல்லது' என்ற பதில்

எழுபதுகளின் கடைசி வருஷங்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே, ரயில் பாதைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே எங்கள் ஊர். பருத்தி, கம்பு, மிளகாய் என்று மானத்தைப் பார்த்து நடக்கிற விவசாயம். அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அப்பா, நான், தங்கை ஆவுடைத்தாய். நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்தினேன். தினமும் டவுன் பஸ்ஸில் போய்வந்தேன்.

அப்பாவுக்கு நடுவயதிலேயே காது மந்தம். அம்மா போன பிறகு கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. காது கேளாதவர்கள் கோபக்காரர்கள் என்பார்கள். அப்பா அப்படியில்லை. மரியாதைக்காரர். எதிரே இருப்பவர் வாயசைத்து முடித்து, பதிலுக்காக முகத்தைப் பார்த்தால், தலையை ஆட்டிவிடுவார். "சரி, சரி. நல்லது" என்பார். முக்கால்வாசி நேரம் அது பொருத்தமாகவே அமைந்துவிடும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் தன் உழவு மாடு செத்துப்போனதைச் சொல்ல வந்தார். அவரிடமும் "நல்லது" என்றுவிட்டார். அந்த மனிதர் பொங்கல் வரைக்கும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

கப்பலில் வேலை பார்த்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் தூத்துக்குடியில் இறங்கியபோது அந்தக் காது மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். சிகரெட் பெட்டி அளவு இருக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதிலிருந்து வரும் ஒயரின் நுனியைக் காதில் செருகிக்கொள்ள வேண்டும்.

மாட்டிவிட்ட அன்று அப்பா எழுந்து நடந்து பார்த்தார். தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுத் தானே நின்றார். அடுப்படியிலிருந்து ஆவுடை என்னவோ கேட்டாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பி, அடுப்படி வாசல்வரை நடந்து போனார்.

"ஏட்டி, உங்க அம்ம பேசுத மாதிரில்லா இருக்கு" என்றார் பிறகு.

அதற்கப்புறம் அவளைச் சும்மா இருக்க விடமாட்டார். பேப்பர் வாசிக்கச் சொல்வார். கடைக்குப் போய்வந்தால் அங்கே யார் யார் என்ன பேசினார்கள் என்று ஒன்று விடாமல் சொல்லச் சொல்வார். அவளும் ஆட்களைப் போலப் பேசிக் காட்டுவாள். அப்பா சிரிப்பார். அம்மா இருந்தவரை அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

வோல்ட் கணக்கு

மெஷினோடு வந்த கட்டைகள் பாதரசம் சேர்த்துச் செய்தவை. ஒவ்வொன்றும் ஒன்றே கால் வோல்ட்டுக்குச் சற்று மேல். கொஞ்ச மாதத்தில் அவை தீர்ந்துவிட்டன. கோவில்பட்டி பஜாரில் அதைப் போல் கேட்டால், கடைக்காரர் பென்சில் கட்டையை எடுத்து நீட்டினார். உருவத்தில் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் அது ஒன்றரை வோல்ட். புதிதில் அதற்கும் கொஞ்சம் மேலே நிற்கும்.

போட்டுப் பார்த்தேன். மெஷின் வீலென்று கத்தியது. ஆட்கள் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதைப் போல இருக்கிறது என்றார் அப்பா. சத்தத் திருகைக் குறைத்தால் பேச்சே காணாமல் போயிற்று.

எங்கள் பக்கத்தில் பேட்டரி என்றாலே டார்ச் லைட் ஞாபகம்தான். கரிசல் வெடிப்பில் பாம்பு கிடக்கும் என்பதால் டார்ச் இல்லாத வீடு கிடையாது. இரண்டு கட்டை டார்ச் வைத்திருப்பவரைவிட ஐந்து கட்டை டார்ச் வைத்திருப்பவருக்கு ஊரில் ஒரு படி மரியாதை அதிகம். கட்டை கூடினால் வெளிச்சம் கூடும், அவ்வளவுதான் சாஸ்திரம். ரேடியோவில் சத்தம் இறங்கினால், பின்பக்கம் கூடுதலாக ஒரு பழைய கட்டையைப் பேப்பரில் சுற்றி, ஒயர் இழுத்துச் சேர்த்துவிடுவார்கள். அப்பாவின் மெஷினுக்கும் இரண்டு கட்டையாகப் போட்டால் ரயில் சத்தம் மதுரையிலிருந்தே கேட்கும் என்று எங்கள் சித்தப்பா யோசனை சொன்னார். போட்டிருந்தால் அன்றோடு மெஷின் கருகியிருக்கும்.

நான் கல்லூரியிலிருந்து வோல்ட் மீட்டர் கொண்டுவந்தேன். புதுக் கட்டையை முதலில் என் கையடக்க ரேடியோவில் சில நாள் ஓடவிட்டேன். வோல்ட் கொஞ்சம் இறங்கி, பாதரசக் கட்டையின் அளவுக்கு வந்ததும் எடுத்து அப்பாவின் மெஷினில் போட்டேன். கத்தல் நின்றது. பேச்சு தெளிந்தது. வண்டி மாட்டைப் பழக்கிப் பூட்டுவதைப் போல என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். 'பழகின கட்டை' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

ஒரு சங்கடம் இருந்தது. பாதரசக் கட்டை தீரும்வரை ஒரே சீராக நின்று, ஒரேயடியாகப் படுத்துவிடும். பென்சில் கட்டை அப்படியல்ல, நாளுக்கு நாள் சரிந்துகொண்டே வரும். அதிலும் பழகின கட்டைக்கு ஆயுசு குறைவு. அதனால் நான் மாற்று ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

தீர்ந்த கட்டைகளை யாரும் எறிவதில்லை. ஆவுடை அவற்றை மொட்டை மாடியில் வற்றலோடு சேர்த்து வெயிலில் வைப்பாள். எல்லா வீட்டிலும் வழக்கம் அதுதான். வெயில் பட்ட கட்டையில் கொஞ்சம் உயிர் திரும்பும். மீட்டரை வைத்துப் பார்த்தால் முள் நல்ல எண்ணையே காட்டும். வேலை கொடுத்தால் சற்று நேரத்தில் சரிந்துவிடும். வேலை கொடுக்காமல் அளந்த எண்ணை நம்பாதீர்கள் என்று நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

கேள்வி கேட்கும் மனிதர்

காது திரும்பிய பிறகு அப்பா கேள்வி கேட்க ஆரம்பித்தார். அதிலும் ஆவுடையைப் பெண் கேட்டு வருபவர்களை விடமாட்டார்.

பையனுக்குத் தோட்டம் இருக்கிறது, கிணறு இருக்கிறது என்று ஒரு தரகர் பெருமையாகச் சொன்னார்.

"கெணறு இருக்குன்னு சொல்லுதீங்க. தண்ணி இருக்கா?" என்றார் அப்பா.

அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. இன்னொரு பையன் பம்பாயில் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்றார்கள். கம்பெனிக்குள்ளேயா, வாசலிலா என்று கேட்டார். அதுவும் போயிற்று. ஒவ்வொருவரும் எழுந்து போகும்போது அப்பா என்னிடம், எனக்கு இருப்பது ஒரு பெண் பிள்ளை, விசாரிக்காமல் கொடுக்க முடியுமா என்பார். அடுப்படியில் ஆவுடை சிரிப்பது கேட்கும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மதுரையில் ஒரு பெண்ணைப் பார்த்து எல்லாம் பேசி வைத்திருந்தோம். ஆனால் வீட்டில் தங்கை இருக்கும்போது அண்ணன் மாலை போட்டுக்கொள்வதில்லை. பெண் வீட்டார் தை மாதம் வரைக்கும்தான் காத்திருப்போம் என்று சொல்லியனுப்பினார்கள். சொன்னதில் தப்பில்லை. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவின் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது.

கயத்தாற்றுச் சம்பந்தம் அந்தச் சமயத்தில்தான் வந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் நிற்கும் இடத்தில் பையனுக்கு டயர்க் கடை. ஆள் கம்பீரமாக இருந்தார்.

சபை

அன்று காலையில் அப்பாவின் கட்டையை மாற்ற வேண்டியிருந்தது. மேஜையில் கிடந்த ஒன்றை எடுத்து மீட்டரில் வைத்தேன். சரியான எண் காட்டியது. கையில் லேசாக வெயில் சூடு இருந்தது. மாடியிலிருந்து வந்த கட்டை அது என்று கைக்குத் தெரிந்தது. அதையே போட்டேன். ஏன் போட்டேன் என்று இத்தனை வருஷம் கழித்தும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவசரம் என்று அப்போது நினைத்தேன். காலையில் நடந்ததற்கு அந்தச் சந்தேகத்தின் பலனை எனக்கே கொடுத்துக்கொள்கிறேன். மத்தியானம் நடந்ததற்குக் கொடுக்க முடியாது.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் அப்பாவுக்கு எல்லாம் கேட்டது. மழையைப் பற்றிப் பேசினார். பருத்தி விலையைக் கேட்டார். பிறகு அவர் கை பைக்குப் போய்த் திருகைக் கூட்டுவதைப் பார்த்தேன். சற்று நேரத்தில் மறுபடியும் கூட்டினார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா வெள்ளை மீசை வைத்த நேர்மையான மனிதர். அவரை நான் எந்தக் குறையும் சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளையிடமோ பெண்ணிடமோ ஏதாவது குறை இருந்தால், தாம்பாளம் கைமாறுவதற்கு முன்னால் அதைச் சபையில் எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட வேண்டும். பெண்ணைப் பெற்றவர் சரி என்று தலையசைத்துவிட்டால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு ஜென்மத்துக்கும் அதை யாரும் எடுக்கக்கூடாது. சொல்லாமல் மறைத்தால்தான் குற்றம். சொல்லிவிட்டால் குற்றமில்லை.

அவர் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒளிச்சு மறைச்சுச் செய்ய நாங்க வரல. பையனுக்கு முன்ன ஒரு கல்யாணம் ஆச்சு. அந்தப் பிள்ளை நாலஞ்சு மாசத்துல தாய் வீட்டுக்குப் போயிட்டுது. ஊர்ல பேசி முறிச்சாச்சு. ஒங்களுக்குச் சம்மதம்னா மேக்கொண்டு பேசுவோம்."

அப்பா பையைத் தட்டி என்னைப் பார்த்தது அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான்.

நான் எழுந்து நாலு எட்டு வைத்திருந்தால் போதும். சபை நடுவே அப்பாவின் கட்டையை நான் மாற்றியது எத்தனையோ தடவை உண்டு. யாரும் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றால் அந்தப் பெரியவர் சொல்லியிருப்பார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, அடித்துக்கொண்டிருந்த கதவைப் பிடித்துக் கொக்கி போட்டேன்.

திரும்பியபோது சபை முழுக்க அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் பதிலுக்காகக் காத்திருந்தார். இத்தனை பேர் தன் முகத்தைப் பார்ப்பதைக் கண்ட அப்பா, மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"சரி, சரி. நல்லது" என்றார்.

சித்தப்பா வாயைத் திறந்து மூடினார். அண்ணன் சரி என்ற பிறகு தம்பி பேசுவதில்லை. அன்று முகம் வாடிப் போனவர் கல்யாணத்துக்குத்தான் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். தாம்பாளம் கைமாறியது.

கதவுக்கு உள்ளே

கயத்தாற்று வேன் கிளம்பிப் போன பிறகு அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஆவுடை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பெரியவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டிருந்தது.

"அண்ணே, அப்பா கேட்டாவளா?"

"கேட்டாவ" என்றேன்.

"கட்டை நல்லாத்தான இருந்துது?"

"காலையிலதான் மாத்துனேன். கேட்டுத்தான் சரின்னாவ."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பாமல் பார்க்கவில்லை. நம்பியதால்தான் அப்படிப் பார்த்தாள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்ட மனிதர் இதற்கு ஒன்றுமே கேட்கவில்லையே என்று அவள் நினைத்திருக்க வேண்டும். தன்னைச் சுமை என்று நினைத்துவிட்டார் என்று முடிவு செய்திருக்க வேண்டும். இதெல்லாம் நான் பின்னால் யோசித்தவை. அப்போது தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் பேப்பர் வாசிக்க அவள் வரவில்லை. தலைவலி என்று சொல்லச் சொன்னாள். விருந்தாளிகள் வந்த அலைச்சல் என்று அப்பாவும் எடுத்துக்கொண்டார். அதற்குள் மெஷினில் நல்ல கட்டையைப் போட்டிருந்தேன்.

ஆவணியில் கல்யாணம். தையில் எனக்கு.

டயர்க் கடைக்கு எதிரில்

தலைத் தீபாவளிக்கு அழைக்க அப்பா கயத்தாற்றுக்குப் போனார். டயர்க் கடைக்கு எதிரில் இருந்த டீக்கடையில் யாரோ அவரை இன்னார் என்று தெரியாமல், மாப்பிள்ளையின் முதல் பெண்டாட்டி கதையை எடுத்துப் பேசியிருக்கிறார்கள். கை நீட்டி அடிக்கும் ஆள், அதனால்தான் அந்தப் பெண் ஓடிப்போனாள், இது எத்தனை நாளைக்கோ என்று. அன்று மெஷின் நன்றாக வேலை செய்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏலே, சபையில இத சொன்னாவளா?"

"சொன்னாவ, அப்பா. நீங்க தலையாட்டுனீங்க."

அந்த இடத்தில் மீதியையும் சொல்லியிருக்கலாம். மதுரைப் பெண்ணின் வீட்டில் அப்போது கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார்கள். நான் சொல்லவில்லை.

அப்பா ஒயரைக் காதிலிருந்து உருவிக் கையில் சுற்றினார். "அந்தப் பிள்ளை எதுக்குப் போச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேனே" என்றார். அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. "எங் காது பண்ணின வேலை" என்றார்.

மகளிடம் போய், எனக்குக் கேட்கவில்லை அம்மா என்று அவர் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். சொன்னால் தன் தலையாட்டலுக்கு மதிப்பில்லை என்று ஆகும். சபையில் கொடுத்த வாக்கு பொய் என்று ஆகும். அதைவிட, தெரிந்தால் அவள் அந்த வீட்டில் இருக்கமாட்டாள், திரும்பி வந்தால் ஊர் என்ன பேசும் என்ற பயம். கேட்டே கொடுத்தேன் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அவள் அப்படித்தான் நினைத்தாள்.

வருஷத்துக்கு இரண்டொரு தடவை ஆவுடை வருவாள். முழங்கையில் தழும்போ, கன்னத்தில் வீக்கமோ இருந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். அப்பாவுக்குச் சோறு போடுவாள், வேட்டி துவைத்துப் போடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் வரும் நாளில் அப்பா என்னிடம் நல்ல கட்டையாகப் போடச் சொல்வார். நான் வேலை கொடுத்துப் பார்த்து, சரியாக நிற்கிற கட்டையாகத் தேர்ந்தெடுத்துப் போடுவேன். அந்தக் காரியத்தில் பிறகு நான் தவறியதே இல்லை. அப்பா மெஷினை மாட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்திருப்பார்.

எண்பதுகளின் நடுவில் அப்பா இறந்தார்.

போன மாதம்

ஆவுடையின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மகன் வெளியூரில். அவள் கயத்தாற்றில் தனியாக இருக்கிறாள். இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று போன மாதம் பஸ் ஏறினேன். படியில் ஏறுவதற்கே மூச்சு வாங்கியது.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து, வெயிலில் வைத்த கட்டை, என் பையில் இருந்த கட்டை, ஜன்னல் கொக்கி என்று வரிசையாகச் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"அப்பாக்குக் கேக்கலையா?" என்றாள்.

"கேக்கல."

"கேக்கவே இல்லையா?"

"இல்ல, ஆவுடை."

வெளியே லாரி ஒன்று நின்று கிளம்பியது.

"அந்த அடியெல்லாம் போவட்டும் அண்ணே. அது வாங்கி மறந்தும் போச்சு" என்றாள். "நான் வரும்போதெல்லாம் வாசப்படியில வந்து உக்காருவாவ. நான் வேணும்னே வாயத் தொறக்க மாட்டேன். சோத்துக்குக் கரண்டியால தட்டித்தான் கூப்பிடுவேன். நல்லாக் கேக்கட்டும்னுதான் தட்டுவேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அந்தச் சபையில இருந்தவிய ஒருத்தரும் இப்ப இல்ல. பெத்த பிள்ளையத் தெரிஞ்சே தள்ளி விட்டாருன்னுதான் எல்லாரும் நெனச்சுக்கிட்டுப் போயிச் சேந்தாவ. இனி யார்கிட்ட போயிச் சொல்லுவீங்க?"

மறுபடியும் வெங்காயத்தை எடுத்தாள். பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை. என் பெயரையும் போட்டு எழுதுங்கள் என்றாள். போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சபையில் சொல்வதைப் போலவே சொல்கிறேன். ஆவுடைத்தாயைக் கேட்டு வந்த அன்று எங்கள் அப்பா தலையாட்டினார். அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.